பேட்டர்ன் என்றால் வடிவமா?

"இயந்திரக் கற்றல், சிக்கலான தரவுகளில் மறைந்திருக்கும் வடிவங்களைக் கண்டறிகிறது." செயற்கை நுண்ணறிவு பற்றித் தமிழில் எதைத் திறந்தாலும் முதல் பத்தியிலோ இரண்டாம் பத்தியிலோ இந்த வாக்கியம் வந்து உட்கார்ந்திருக்கிறது. செய்திக் கட்டுரை, கருத்தரங்க அழைப்பிதழ், காணொளிக்குக் கீழே உள்ள குறிப்பு என்று எங்கும் இதே வாக்கியம்தான். தரவைப் பார்த்துக் கணினியே கற்றுக்கொள்வதுதான் இயந்திரக் கற்றல் என்று புரிந்துகொண்டு, படிக்கிறவரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். தரவில் என்ன வடிவம்? வட்டமா, சதுரமா, அறுகோணமா? யாரும் கேட்பதில்லை. ஆங்கிலத்தில் பேட்டர்ன் என்று இருந்தது, தமிழில் வடிவம் என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

ஆங்கிலச் சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லத்தீனில் 'பாத்தெர்' என்றால் தந்தை. அதிலிருந்து காப்பாளரைக் குறிக்கும் 'பத்ரோனுஸ்' வந்தது. அது பிரெஞ்சில் 'பத்ரோன்' ஆகி, ஆங்கிலத்துக்குள் நுழைந்து, பேட்ரன், பேட்டர்ன் என்று இரண்டாகப் பிரிந்தது. காப்பாளர் பின்பற்றத் தகுந்தவர், எனவே பார்த்துச் செய்யத் தகுந்த மாதிரிக்கும் அதே பெயர். பிரெஞ்சில் இன்றும் முதலாளியும் பத்ரோன், துணி வெட்டத் தையற்காரர் வைத்துக்கொள்ளும் தாள் மாதிரியும் பத்ரோன். மாதிரியைப் பார்த்துத் திரும்பத் திரும்பச் செய்வது, அப்படித் திரும்ப வருவது, திரும்ப வருவதில் தெரியும் ஒழுங்கு என்று பொருள் நகர்ந்தது. புள்ளியியலுக்கும் கணினியியலுக்கும் வந்து சேர்ந்தபோது, 'பல விவரங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து வருவதில் உள்ள ஒழுங்கு, தெரிந்ததை வைத்துத் தெரியாததை ஊகிக்க உதவும் ஒழுங்கு' என்பதே அதன் பொருளாகிவிட்டது. இயந்திரம் தேடுவது இதைத்தான்.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டைப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 1936-இல் ரொனால்டு ஃபிஷர் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர், எட்கர் ஆண்டர்சன் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் திரட்டிய அளவுகளை எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். 150 ஐரிஸ் பூக்கள், மூன்று இனங்கள், இனத்துக்கு 50. ஒவ்வொரு பூவுக்கும் நான்கே அளவுகள்: புல்லிதழின் நீளம், அகலம், அல்லிதழின் நீளம், அகலம். இயந்திரக் கற்றல் படிக்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது இந்தத் தரவைத்தான். செட்டோசா இனத்தின் அல்லிதழ் 2 சென்டிமீட்டரை எட்டுவதில்லை. மற்ற இரண்டு இனங்களில் அது 3 சென்டிமீட்டருக்குக் குறைவதில்லை. ஆகவே செட்டோசா தானாகத் தனியே ஒதுங்கிவிடும். வெர்சிகலரும் விர்ஜினிகாவும் அப்படியல்ல. ஒன்றின் எல்லைக்குள் மற்றது கலந்து கிடக்கும். ஓர் அளவை மட்டும் வைத்து அவற்றைச் சுத்தமாகப் பிரிக்க முடியாது. நான்கு அளவுகளில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் கொடுத்துச் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானவை பிரியும் என்பதுதான் ஃபிஷர் போட்ட கணக்கு.

இதில் 'வடிவம்' எங்கே இருக்கிறது? பூவுக்கு வடிவம் உண்டு, ஆனால் பூவின் படம் தரவில் இல்லை. எண்கள்தான் இருக்கின்றன. சரி, அந்த அட்டவணைக்கு ஒரு வடிவம் உண்டா என்றால், உண்டு: 150 வரிசை, 4 நெடுவரிசை. நிரலாளர்கள் அதைத்தான் 'ஷேப்' என்கிறார்கள். அதற்கு வடிவம் என்பதுதான் நேர்ச்சொல். கோப்பு எந்த ஃபார்மட்டில் இருக்கிறது என்பதற்கும் வடிவம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆக, "இந்தக் கோப்பு வடிவத்தில் உள்ள தரவின் வடிவத்தைச் சரிபார்த்த பிறகு அதிலுள்ள வடிவங்களைத் தேடுங்கள்" என்று ஒரு பாடக் குறிப்பு எழுதினால், இலக்கணப்படி அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது. மாணவர் என்ன செய்வார் என்பது வேறு விஷயம்.

வடிவம் பிடிக்காதவர்கள் 'முறை'க்குத் தாவுகிறார்கள். அதன் கதி இன்னும் மோசம். "இயந்திரக் கற்றல் முறைகள் தரவிலுள்ள முறைகளைக் கண்டறிகின்றன" என்ற வாக்கியத்தைப் பார்த்தபோது, எழுதியவர் அதை ஒருமுறையாவது வாய்விட்டுப் படித்திருப்பாரா என்று தோன்றியது. மூன்றாவது முறையை நானும் சேர்த்துவிட்டேன், மன்னிக்கவும்.

பள்ளிப் பாடநூல்கள் இதற்கு விடை வைத்திருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், மூன்று நாட்டில் மூன்று விடை. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிக் கணக்கில் 'அமைப்புகள்' என்று ஒரு பாடம் உண்டு. மலேசியத் தமிழ்ப் பள்ளிகளில் 'எண் தோரணி'. இலங்கையில் 'எண் கோலங்கள்'. குழந்தை செய்வது எல்லா இடத்திலும் ஒரே வேலை: 2, 4, 6, 8 என்று போகிறதே, அடுத்தது என்ன?

அமைப்பு என்பதை முதலில் ஒதுக்கிவிடுகிறேன். அந்தச் சொல்லின் முதுகில் ஏற்கெனவே ஊர்ச் சுமை முழுவதும் இருக்கிறது. சிஸ்டமும் அமைப்பு, ஸ்ட்ரக்சரும் அமைப்பு, தொண்டு நிறுவனமும் அமைப்பு. கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றினால் செட்டிங்ஸ் வருகிற இடத்திலும் 'அமைப்புகள்'தான். "வங்கிப் பரிவர்த்தனைகளில் மறைந்திருந்த அமைப்புகளை மென்பொருள் கண்டுபிடித்தது" என்று எழுதினால், ஏதோ சதிக் கும்பல் பிடிபட்டது என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

தோரணிக்கு வருவோம். இதற்கு ஆதரவாளர்கள் அதிகம், அவர்களில் தனித்தமிழ் ஆர்வலர்களும் உண்டு என்பதுதான் வேடிக்கை. கோலம் என்றால் வாசலில் போடுவதுதான் நினைவுக்கு வரும், தோரணி கலைச்சொல் போலப் புதிதாக ஒலிக்கிறது என்பது அவர்கள் வாதம். ஒலிக்கட்டும். ஆனால் தோரணி வடமொழியிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு அறுபடாமல் தொடரும் வரிசை என்று பொருள். தமிழுக்குள் வந்ததும் அது பாணி, நடை, மாதிரி என்று மாறியது. அதன் உடன்பிறப்பான தோரணையைத்தான் நாம் அன்றாடம் கேட்கிறோம். "மிரட்டும் தோரணையில் பேசினார்" என்கிறோம். "அவர் நடக்கிற தோரணையைப் பார்" என்கிறோம். தோரணி என்று எழுதினாலும் வாசகர் காதில் தோரணைதான் விழுகிறது. தரவுக்கு என்ன பந்தா என்று அவர் நினைத்தால் அது அவர் குற்றமா?

வடமொழி என்பதற்காக நான் ஒதுக்கவில்லை. அப்படி ஒதுக்க ஆரம்பித்தால் இந்தக் கட்டுரையிலேயே பாதிச் சொற்கள் எழுந்து போய்விடும். என் ஆட்சேபம் பொருளைப் பற்றியது. வரிசை என்ற பழைய பொருளையே எடுத்துக்கொண்டால், 2, 4, 6, 8-க்குத் தோரணி நன்றாகப் பொருந்துகிறது. மலேசிய ஆசிரியர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். விண்மீன் ஒளிக்கும் பொருந்தும். கெப்ளர் விண்தொலைநோக்கி, விண்மீன்களின் ஒளி எவ்வளவு கூடுகிறது, குறைகிறது என்று தொடர்ந்து அளந்துகொண்டே இருந்தது. விண்மீனின் முன்னால் ஒரு கோள் குறுக்கே போனால் ஒளி துளி மங்கும். கோள் சுற்றி வந்ததும் மறுபடி மங்கும். 2017-இல் கிறிஸ்டோபர் ஷல்லூ, ஆண்ட்ரூ வாண்டர்பர்க் இருவரும், ஏற்கெனவே மனிதர்கள் தரம் பிரித்து வைத்திருந்த சுமார் 15,000 சமிக்ஞைகளைக் காட்டி ஒரு நரம்பு வலையமைப்பை, அதாவது மூளை நரம்புகளின் பின்னலைப் பார்த்து அமைத்த கணினி நிரலை, பழக்கினார்கள். அது கெப்ளர்-90 என்ற விண்மீனின் தரவில், முன்பு தப்பிவிட்ட ஒரு மெல்லிய மங்கலைச் சுட்டியது: 14.4 நாளுக்கு ஒருமுறை வருவது. அப்படித்தான் அந்த விண்மீனின் எட்டாவது கோள் கிடைத்தது. காலத்தில் திரும்ப வருகிற இந்த ஒழுங்கைத் தோரணி என்று ஒருவர் சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன்.

ஆனால் ஐரிஸ் பூவுக்கு வாருங்கள். அந்த 150 வரிசைகளையும் சீட்டுக்கட்டு போலக் கலைத்துப் போடுங்கள். எது முன், எது பின் என்பது போய்விட்டது. பேட்டர்ன் போய்விட்டதா? இல்லை, அப்படியே இருக்கிறது. ஏனென்றால் அது வரிசையில் இல்லை. நான்கு அளவுகளும் ஒரே பூவில் கூடிவருகிற விதத்தில் இருக்கிறது. இயந்திரக் கற்றல் தேடுகிற ஒழுங்குகளில் மிகப் பல இந்த வகை. நோயாளியின் இரத்தச் சர்க்கரை, வயது, எடை. கடன் கேட்பவரின் வருமானம், பழைய நிலுவை. இவற்றில் முன்பின் ஏது? தோரணி இங்கே கால் ஊன்ற இடமில்லாமல் நிற்கிறது. எண் வரிசைக்குப் பிறந்த சொல்லை எல்லாவற்றுக்கும் இழுத்தால் இப்படித்தான் ஆகும்.

கோலம்தான் சரி என்கிறேன். உடனே வருகிற எதிர்ப்பு இரண்டு. ஒன்று, அது வாசலில் போடுவது. இரண்டு, கோலம் என்றாலும் தோற்றம்தானே, வடிவத்தை எதற்காக விரட்டினீர்கள்?

இரண்டாவதற்கு முதலில் பதில். கோலத்துக்கு அழகு, தோற்றம், வேடம், ஒப்பனை என்றெல்லாம் அகராதி பொருள் சொல்கிறது. ஆனால் நாம் சொல்லை எப்படிப் புழங்குகிறோம் என்று பாருங்கள். மணக்கோலம், போர்க்கோலம், தவக்கோலம். மணக்கோலம் என்பது பட்டுப்புடவையும் அல்ல, மாலையும் அல்ல, நெற்றிச்சுட்டியும் அல்ல. மாலை மட்டும் போட்டிருந்தால் அவர் கட்சிக் கூட்டத்துக்கு வந்தவராக இருக்கலாம். இவை எல்லாம் ஒருவரிடம் சேர்ந்து வரும்போது, பார்த்த கணத்திலேயே "கல்யாணப் பெண்" என்று தெரிந்துவிடுகிறது. தனித்தனிக் கூறுகள் ஒன்றுகூடி வருவது, அந்தக் கூட்டை வைத்து இன்னது என்று அறிவது: பேட்டர்ன் என்று கணினியியலார் சொல்வதற்கு இதைவிட நெருக்கமாக ஒரு சொல் கிடைக்குமா? வடிவத்தில் இந்தப் பொருள் இல்லை. 'மணவடிவம்' என்று யாரும் சொல்வதில்லை.

வாசல் கோலம் என்ற எதிர்ப்பை நான் எதிர்ப்பாகவே எடுத்துக்கொள்ளவில்லை. புள்ளி வைத்து இழுக்கிற கோலத்தில் விதி இருக்கிறது, சமச்சீர் இருக்கிறது, ஒரு மூலையைப் பார்த்தால் அடுத்த மூலையைச் சொல்லிவிடலாம். இதைக் கணினியியலார் எப்போதோ கவனித்துவிட்டார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து கோலங்களுக்கு இலக்கணம் எழுத முடியுமா என்று ஆராய்ந்து, 1974-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே 'கோலம்' என்ற சொல் அப்படியே இருக்கிறது. படங்களை விதிகளால் விவரிக்கும் துறைக்குத் தமிழ்ச்சொல் ஒன்று அரை நூற்றாண்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டது. அதே சொல்லைத் தமிழில் எழுத நமக்குத்தான் கூச்சம்.

இலங்கையில் இந்தக் கூச்சம் இல்லை. எண் கோலங்கள் மட்டுமா, மழைவீழ்ச்சிக் கோலம், குடியிருப்புக் கோலம், நடத்தைக் கோலம் என்று புவியியலிலும் உளவியலிலும் அவர்கள் சாதாரணமாக எழுதுகிறார்கள். மழைவீழ்ச்சிக் கோலம் என்று படித்த எந்த மாணவரும் அரிசி மாவு தேடிப் போனதாகத் தெரியவில்லை. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் தயாராக இருக்கிற சொல்லை விட்டுவிட்டு இந்தப் பக்கம் ஆளுக்கொன்று உருவாக்கிக்கொண்டிருக்கிறோம். கலைச்சொல் குழுக்கள் ஒருவர் பட்டியலை இன்னொருவர் பார்ப்பதே இல்லையோ என்னவோ.

மற்ற சொற்களையும் விட்டுவைக்க மனமில்லை. அந்த வாக்கியத்தில் 'சிக்கலான தரவு' என்று வருகிறதே, அதைக் கேட்டால் தரவில் ஏதோ கோளாறு, வழக்கு நடக்கிறது என்று தோன்றும். ஆங்கிலத்தில் சொல்ல வந்தது பல கூறுகள் பின்னிக் கிடப்பதை. 'பல கூறுகள் பின்னிய தரவு' என்று இரண்டு சொல் கூடுதலாகச் செலவழித்தால் என்ன குடி முழுகிப்போகும்? 'இயந்திர கற்றல்' என்று க் போடாமல் எழுதுகிறவர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்று முடியாது. ஆர்தர் சாமுவேல் 1959-இல் செக்கர்ஸ் என்ற பலகை ஆட்டத்தை ஆடப் பழகும் கணினி நிரல் பற்றி எழுதியபோது பரவலான பெயர் அது. கற்பது இயந்திரம் என்பதுதான் அதில் செய்தி. எனவே 'இயந்திரவழிக் கற்றல்' என்று திருத்துகிறவர்கள் நல்லெண்ணத்தில் கெடுக்கிறார்கள். இயந்திரத்தின் வழியே நாம் கற்பது என்று அது பொருள் தருகிறது, இணைய வகுப்பு மாதிரி. நல்ல ஆக்கம் ஒன்று அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது: தரவு. லத்தீன் 'டேட்டம்' என்றால் தரப்பட்டது. தரு என்ற வேரிலிருந்து தரவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அதுவே பெயர், ஆனாலும் யாரும் குழம்பவில்லை. பழைய பொருள் ஒன்று இருப்பதால் கோலம் கூடாது என்பவர்கள் தரவை எப்படி ஒப்புக்கொண்டார்கள்?

மொழிபெயர்ப்பு மென்பொருள் இன்று வடிவம் என்று கொட்டுகிறது என்றால் அதன் காரணமும் இதுதான். அது நாம் எழுதியதிலிருந்து கற்றது. வடிவம் என்று நாம் எழுதிக் குவித்தோம், அந்தக் கோலத்தை அது பிடித்துக்கொண்டது. இப்போது அது எழுதுவதைப் பார்த்து நாம் எழுதுகிறோம்.

சரி, புழக்கத்துக்குச் சில. பேட்டர்ன் என்றால் கோலம். பேட்டர்ன் ரெகக்னிஷனுக்குக் கோலமறிதல் போதும். தரவில் ஒழுங்கில்லாமல் தற்செயலாகக் கலந்து கிடப்பதை நாய்ஸ் என்பார்கள். அதற்கு அலங்கோலம் என்று ஒரு நண்பர் சொன்னார். கேட்கச் சுவையாக இருக்கிறது, ஆனால் இரைச்சல் நிலைத்துவிட்டது, அதைக் கலைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் பேட்டர்ன் வருகிற எல்லா இடத்திலும் கோலத்தைக் கொண்டுபோய் வைக்கவும் வேண்டாம். மென்பொருள் எழுதுகிறவர்கள் சொல்லும் டிசைன் பேட்டர்ன் என்பது தையற்காரரின் தாளைப் போலப் பார்த்துச் செய்ய வைத்திருப்பது. அதற்கு மாதிரி என்ற சொல் இருக்கிறது.