பிளாஷுக்கு பற்றரி வாங்கேக்க மேல போட்டிருக்கிற நம்பரை நம்பாதேங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவு பக்கம் கலியாண வீடு, சாமத்திய வீடு எண்டு படம் எடுக்கிற தம்பிமார் கனபேர் என்னட்ட கேக்கிறது, அண்ணை பிளாஷுக்கு என்ன பற்றரி போடுறது எண்டுதான். கமராவுக்கு லட்சக்கணக்கில குடுத்துப்போட்டு பற்றரியை மட்டும் மலிவாத் தேடுறதைப் பாக்க எனக்கு கவலையா இருக்கு, ஏனெண்டா தாலி கட்டுற நேரம் பிளாஷ் அடிக்காட்டி அந்தப் படம் போனது போனதுதான்.

4000, 5000 எம்ஏஎச் (பற்றரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் எண்டு காட்டுற அளவு) எண்டு பெரிசா அடிச்சு விக்கிற டபுள் ஏ சார்ஜ் பற்றரியளைத் தொடாதேங்கோ. அந்த சைஸில வாற நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் எண்ட சார்ஜ் பற்றரிக்குள்ள 2700, 2800க்கு மேல அடைக்க ஏலாது. நல்ல 2000 பற்றரி ஒண்டு 26, 27 கிராம் வரும், 5000 எண்டு எழுதினது அதைவிட லேசா இருந்தா உள்ளுக்கு சரக்கு இல்லை எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ.

இந்த சார்ஜ் பற்றரி 1.2 வோல்ட் தானே, சார்ஜ் பண்ண ஏலாத 1.5 வோல்ட் அல்கலைன் திறமெல்லோ எண்டு நினைப்பீங்கள். பிளாஷ் ஒருக்கா அடிச்சிட்டு திரும்ப ரெடியாகேக்க கன கரண்டை ஒரேயடியா இழுக்கும், அந்த இழுவைக்கு அல்கலைன்ர வோல்டேஜ் விழுந்துபோகும், சார்ஜ் பற்றரி தாங்கும், அதால கெதியா ரெடியாகும். 2005இல சான்யோ கொண்டுவந்த எனலூப், இப்ப பனசோனிக் விக்கிறது, அந்த மாதிரி சார்ஜ் மெல்ல இறங்கிற வகையைப் பாத்து வாங்குங்கோ. கனநாள் சும்மா கிடந்தாலும் சார்ஜ் நிக்கும். 2500 இருக்கிறதை விட 2000 தான் கூடத் தரம் சார்ஜ் பண்ணலாம், எனக்கு 2000 போதும்.

இன்னொண்டு, 14500 எண்டு அதே சைஸில 3.7 வோல்ட் லித்தியம் வருது, அதை மட்டும் போட்டிடாதேங்கோ, நாலு சேந்தா 14.8 வோல்ட், பிளாஷ் எதிர்பாக்கிறது 6 தான், உள்ளுக்கு எரிஞ்சிடும்.

நாலையும் ஒரே நாளில வாங்கி மார்க்கரால அடையாளம் போட்டு எப்பவும் ஒண்டாவே பாவியுங்கோ, ஒண்டு பலவீனமெண்டா மற்ற மூண்டும் சேந்து அதின்ர பிளஸ், மைனஸைத் தலைகீழாக்கிப் பழுதாக்கும். சார்ஜரும் நாலுக்கும் தனித்தனி லைட் உள்ளதா இருக்கட்டும். பிளாஷுக்குள்ள இருந்து சுடச்சுட எடுத்தவுடன சார்ஜில போடவேண்டாம், ஆறவிடுங்கோ, எங்கட வெயிலுக்க மோட்டார்சைக்கிள் பெட்டிக்குள்ளயும் விட்டிடாதேங்கோ. செத்த பற்றரியை வளவுக் குப்பையோட கொளுத்தவே வேண்டாம், வெடிக்கும்.