இண்டி: ஒரு சொல்லும் அதன் முகமும்

ஓசூர்ப் பக்கம் கிட்டார் பழகும் பிள்ளைகளிடம் சரளமாகப் புழங்கும் சொல் 'இண்டி'. பெங்களூர் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நடக்கும் கச்சேரிகள் வழியாகவும் இன்ஸ்டாகிராம் வழியாகவும் இந்தச் சொல் கிருஷ்ணகிரி, தர்மபுரி வரை வந்துவிட்டது. இண்டி என்றால் என்ன என்று கேட்டால், சினிமாவுக்குப் பாடாதவர் என்பார் ஒருவர். கிட்டாரோடு மென்மையாகப் பாடுகிறவர் என்பார் இன்னொருவர். அந்த மாதிரி உடுத்துகிறவர் என்றும் சிலர் சொல்வார்கள். இந்த மூன்றாவது பொருள் எப்படி வந்தது என்பதில்தான் எனக்கு அக்கறை.

இண்டி என்பது 'இண்டிபென்டன்ட்' என்பதன் சுருக்கம். அதன் வேர் லத்தீனில் 'தொங்கு' என்று பொருள்படும் வினை. எதையும் பிடித்துத் தொங்காதது என்பது அடிப்பொருள். இசையுலகில் அது பெரிய ரெக்கார்டு கம்பெனிகளைப் பிடித்துத் தொங்காததைக் குறித்தது. 1977 ஜனவரியில் மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழுவினர் கடன் வாங்கிய பணத்தில் நான்கு பாட்டுகள் கொண்ட சிறு இசைத்தட்டு ஒன்றைத் தாங்களே வெளியிட்டார்கள். அதைப் பார்த்துப் பலரும் இறங்கினார்கள். இப்படி வரும் தட்டுகளுக்கென்று 1980 ஜனவரியில் பிரிட்டனில் தனி விற்பனைப் பட்டியல் தொடங்கியது. பெரிய கம்பெனிகளின் விநியோகம் இல்லாமல் தட்டு கடைக்கு வந்ததா என்பது மட்டுமே அங்கே விதி. எந்த மாதிரி இசை, பாடுகிறவர் யார், என்ன உடுத்தியிருக்கிறார் என்று பட்டியல் பார்க்கவில்லை.

அந்த விதிப்படி ஆஸ்திரேலியப் பாப் பாடகி கைலி மினோக் இண்டிதான். 1988இல் பிரிட்டனையே ஆட வைத்த அவருடைய பாட்டு, தனி விநியோகத்தில் வந்ததால் இண்டி பட்டியலிலும் இடம்பிடித்தது. ஆனால் அவரை யாரும் இண்டி பாடகி என்று அழைக்கவில்லை. பளிச்சென்று சிரித்துக்கொண்டு ஆடும் இளம்பெண் அந்தச் சொல்லுக்குள் அடங்க மறுத்தாள். அதற்குள் அந்தச் சொல்லுக்கு ஒரு முகம் வந்துவிட்டிருந்தது.

அந்த முகத்தைக் கொடுத்ததில் பத்திரிகைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1952இல் தொடங்கிய நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் வார இதழ், 1986இல் 22 குழுக்களின் பாட்டுகளைத் தொகுத்து 'சி86' என்று ஒரு கேசட் வெளியிட்டது. அதன் பிறகு இண்டி என்பது ஒருவகை ஒலிக்கும் பெயராகிவிட்டது. அப்புறம் படங்கள். செங்கல் சுவர் முன்னால் நான்கு பையன்கள். ஒல்லியான உடம்பு, நெற்றியில் விழும் முடி, சிரிக்காத முகம். ஒருவன் கேமராவைப் பார்ப்பான், மற்றவர்கள் வேறு எங்கோ பார்ப்பார்கள். இந்தப் படங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன். முறுக்கிய தோளோ இறுக்கமான தோல் கால்சட்டையோ இல்லாமலும் ஒருவன் ஆணாக மேடையில் நிற்கலாம் என்று இவை காட்டின. கூச்ச சுபாவமுள்ள எத்தனையோ பையன்களுக்கு அது பெரிய விடுதலை.

அதே விடுதலை பெண்களுக்குக் கிடைக்கவில்லை. குழுவில் ஒரு பெண் இருந்தால் அவளை முன்னால் நிறுத்தி, பையன்களைப் பின்னால் மங்கலாக்கும் படங்களைப் பத்திரிகைகளில் நிறையப் பார்க்கலாம். அவள் டிரம்ஸ் வாசிப்பவளாக இருந்தாலும் படத்தில் டிரம்ஸ் இருக்காது. பையன்கள் ஏதோ யோசனையில் இருப்பதாகப் படம் சொல்லும். அவள் பார்க்கப்படுவதற்காக நிற்கிறாள் என்று சொல்லும்.

தர்மபுரி நான்கு ரோட்டில் நின்று ஃப்ளெக்ஸ் பேனர்களைப் பார்ப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். கல்யாண பேனரின் ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்ட நண்பர்கள் வரிசையாக இருப்பார்கள். பையன்கள் என்றால் ஒரு கூட்டாளிப் படை. பெண்ணின் படம் வருவது அவளுடைய பூப்பு நன்னீராட்டு விழாவுக்கும் கல்யாணத்துக்கும்தான். அவளுடைய தோழிகள் எந்த பேனரில் இருக்கிறார்கள்?

படத்தை மாற்றும் முயற்சி சின்ன இதழ்களில்தான் நடந்தது. 1976இல் லண்டனில் வந்த 'ஸ்னிஃபின் க்ளூ' ஜெராக்ஸ் எடுத்து ஸ்டேபிள் அடித்த ரசிகர் இதழ். அந்த வழியில் 1991 வாக்கில் அமெரிக்காவின் ஒலிம்பியா நகரத்தில் இளம்பெண்கள் 'ரயட் கர்ல்' என்ற இயக்கமாகத் திரண்டு, தங்கள் இதழ்களைத் தாங்களே வெட்டி ஒட்டி அச்சிட்டார்கள். தங்கள் மேல் வீசப்படும் வசைச் சொற்களைத் தங்கள் உடம்பிலேயே மார்க்கரால் எழுதிக்கொண்டு மேடையேறினார்கள். படம் எடுப்பவர் உடம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது, அந்தச் சொல்லும் கூடவே வரும். இசை இதழ்களின் படங்களைப் பற்றி நான் அறிந்தவற்றில் இதைவிடக் கூர்மையான பதிலடி இல்லை.

நமக்கு நெருக்கமான அட்டைப்படம் ஒன்றும் உண்டு. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழ், 'எஞ்சாய் எஞ்சாமி', 'நீயே ஒளி' பாட்டுகளை முன்வைத்து பாடகி தீ, ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பால் இருவரையும் அட்டையில் போட்டது. அந்தப் பாட்டுகளின் வரிகளை எழுதிய ராப் பாடகர் அறிவு அதில் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். பிறகு அறிவு இடம்பெற்ற டிஜிட்டல் அட்டை ஒன்று வந்தது. ஒரு பெண் அட்டைக்கு வந்த அதே நேரத்தில் ஒரு தலித் கலைஞர் விடுபட்டார். ஒரு படத்தைப் படிக்கும்போது ஆணா பெண்ணா என்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? பத்திரிகைகள் 'சுயாதீன இசை' என்று எழுதுகின்றன. பொருள் சரிதான், ஆனால் பேச்சில் ஒட்டவில்லை. 'தனியிசை' அழகான சொல். ஒருவரே தனியாகப் பாடுவது என்று மயங்க இடமுண்டு. 'சுதந்திர இசை' என்றால் ஆகஸ்ட் 15 நினைவு வரும். என் தேர்வு 'தற்சார்பு இசை'. 'சார்பு' நமக்குப் பழைய சொல். பிற எழுத்தைச் சார்ந்து வரும் குற்றியலுகரமும் ஆய்தமும் சார்பெழுத்து என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 'தற்சார்பு' என்பதையோ இயற்கை வேளாண்மை பேசுகிறவர்கள் ஊர் ஊராகப் பழக்கிவிட்டார்கள். பென்னாகரத்து விவசாயிக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தச் சொல்லில் இன்னொரு நன்மை, அதில் கிட்டாரும் இல்லை, நெற்றி முடியும் இல்லை. மாரியம்மன் பண்டிகைக்குத் தாங்களே முன்பணம் பேசி, தாங்களே வண்டி பிடித்துப் போய் பம்பை அடிக்கும் குழு எந்தக் கம்பெனியையும் சார்ந்தது இல்லை. இண்டி என்றால் யாருக்கும் அவர்கள் நினைவு வராது. தற்சார்பு இசைக்குழு என்றால் முதல் ஆளாக வருவார்கள். நாளைக்கு அரூரில் ஒரு பெண் பறையோடு தன் பாட்டைத் தானே பதிவுசெய்து யூடியூபில் போட்டால், அவளும் அதற்குள் வருவாள்.

எழுதுகிறவர்கள் தற்சார்பு இசை, தற்சார்புக் கலைஞர், தற்சார்பு இதழ் என்று வைத்துக்கொள்ளலாம். ரசிகர்களே நடத்தும் இசை இதழுக்குச் 'சிற்றிதழ்' என்ற நம் சொல்லே போதும். அந்தக் குறிப்பிட்ட கிட்டார் ஒலியையும் உடைப் பாணியையும் சொல்லும்போது மட்டும் 'இண்டி' என்றே எழுதுங்கள். அது பிரிட்டனில் பிறந்த அந்தப் பாணிக்கு உரிய பெயர்.