பீடியை விட்டார், டீ பிடித்துக்கொண்டது

என் சித்தப்பா மதுரை மாட்டுத்தாவணியில் ராத்திரி ஆட்டோ ஓட்டுகிறவர். பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் அவருக்கு ஒரு கணக்கு உண்டு: ஒரு நாளைக்கு 8 டீ, ஒரு கட்டு பீடி. கடை ஓரத்தில் தொங்கும் தேங்காய் நார்க் கயிற்றின் நுனியில் எந்நேரமும் கங்கு கனன்றுகொண்டிருக்கும். இடது கையில் கிளாஸ், வலது கையால் கயிற்றை இழுத்துப் பற்றவைப்பார். விடியக்காலை 5 மணிக்குக் கடைசி டீயைக் குடித்துவிட்டு வந்து 7 மணிக்குக் குறட்டை விடுவார். "டீயெல்லாம் என்னைய ஒண்ணும் செய்யாதுப்பா" என்று பெருமை வேறு.

போன தை மாதம் பீடியை ஒரேயடியாக விட்டார். நாலாம் நாள் போன் வந்தது. "நெஞ்சு படபடங்குது, கை நடுங்குது, வந்து படுத்தா பொட்டுத் தூக்கம் இல்ல. பீடிய விட்டா உசுரு போயிரும் போல."

பழியைப் பீடி மேல் போட்டார். எனக்கு டீ மேல்தான் சந்தேகம்.

பீடியில் இருக்கும் நிகோடினும் டீ, காபியில் இருக்கும் கஃபீனும் ஒரு வகையில் பங்காளிகள். இரண்டுமே பூச்சி கடிக்காமல் இருக்கச் செடிகள் தயாரிக்கும் விஷங்கள். அசுவினிப் பூச்சிக்குப் புகையிலைக் கஷாயம் அடித்த விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நமக்கு இரண்டும் பக்கத்திலேயே விளைகின்றன. திண்டுக்கல் மாவட்டத்தில் வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை, அதே மாவட்டத்தின் தாண்டிக்குடி மலையில் காபி. தேயிலைக்குத் தேனிப் பக்கம் மேகமலை இருக்கிறது. ஆனால் மூளைக்குள் போனதும் பங்காளிகள் ஆளுக்கொரு வழியில் பிரிந்துவிடுகிறார்கள்.

திருவிழா நேரத்து மாட்டுத்தாவணியை நினைத்துக்கொள்ளுங்கள். பஸ் நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்கள் அல்லவா? கஃபீன் செய்வது அதைத்தான். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். மூளைச் செல்களில் அதற்கென்றே இருக்கும் சீட்டுகளுக்கு ஏற்பிகள் என்று பெயர். அது அவற்றில் உட்கார்ந்தால் நமக்குக் கண் சொருகும். கஃபீன் அந்த சீட்டில் துண்டைப் போட்டுவிடுகிறது. துண்டு பஸ்ஸை ஓட்டாது, மற்றவர் உட்காரவிடாது, அவ்வளவுதான். ஆக, டீ புதிதாகத் தெம்பு எதையும் தருவதில்லை, களைப்பு தெரியாமல் மறைக்கிறது. துண்டை எடுத்ததும் நின்றுகொண்டிருந்த அடினோசின் கூட்டம் மொத்தமும் உட்காரும்.

நிகோடின் துண்டு போடுகிற ரகம் இல்லை. கண்டக்டர் மாதிரி விசில் ஊதுகிற ஆள். அசிட்டைல்கோலின் என்பது மூளையின் சொந்த கண்டக்டர். அதன் விசிலை நிகோடின் அப்படியே ஊதும், டிரைவர் நம்பி வண்டியை எடுத்துவிடுவார். அசிட்டைல்கோலினுக்கான ஏற்பிகளை நிகோடின் இப்படித் தூண்டுவதால் டோபமின் சுரக்கிறது. 'இது நல்லா இருக்கு, மறுபடியும் செய்' என்று மூளைக்குப் பாடம் எழுதுவது டோபமின்தான். ஊதிக்கொண்டே இருந்தால் ஏற்பிகள் மரத்துப்போகும். மூளை பதிலுக்கு ஏற்பிகளின் எண்ணிக்கையைக் கூட்டும். பிறகு விசில் நின்றால் அத்தனை ஏற்பிகளும் ஒன்றாக நிகோடின் கேட்டு அடம்பிடிக்கும்.

வேகத்தையும் பார்க்க வேண்டும். இழுத்த புகை நுரையீரலிலிருந்து ரத்தத்தில் கலந்து 10 முதல் 20 விநாடிக்குள் மூளையைத் தொடும். பீடிக்குப் பத்து இழுப்பு என்று வைத்தாலும் 20 பீடி உள்ள கட்டுக்கு 200 தடவை, ஒவ்வொரு தடவையும் உடனுக்குடன் கூலி. டீக்கு அந்த வேகம் கிடையாது; ரத்தத்தில் கஃபீன் உச்சத்துக்கு வர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். முதல் வாயிலேயே 'தெளிஞ்சிருச்சு' என்கிறோமே, அது சூடும் சீனியும் பழக்கமும் சேர்ந்து செய்வது. பீடி அளவுக்கு டீ ஆளைப் பிடிக்காததற்கு இந்த மெத்தனமும் ஒரு காரணம் என்றுதான் நினைக்கிறேன்.

அதற்காக டீ, காபியைச் சாதுவென்று சொல்லிவிட முடியாது. விரத நாளில் காபி இல்லாமல் மதியத்துக்குமேல் மண்டை பிளக்கிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. 'வெறும் வயிறு' என்பார்கள். பல நேரம் அது கஃபீன் கிடைக்காத தலைவலி. கஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சற்று சுருக்கி வைத்திருக்கும். அது வராதபோது குழாய்கள் விரியும். கடைசிக் காபியிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி, விட்டால் ஒரு வாரம்கூட இழுக்கும். அரை டம்ளர் குடித்தால் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் குறைந்துவிடும். சில தலைவலி மாத்திரைகளிலேயே கஃபீன் இருக்கிறது, அது தனிக்கதை.

சரி, சித்தப்பா விஷயத்துக்கு வருவோம். பீடியை விட்டவருக்கு எரிச்சல் வரும், பசி கூடும், கவனம் நிற்காது. ஆனால் இதயத் துடிப்பு பொதுவாகக் குறையத்தான் செய்யும், ஏனென்றால் அதை ஏற்றி வைத்திருந்ததே நிகோடின்தான். படபடப்பு என்று அவர் சொன்னது அதனால்தான் எனக்கு உறுத்தியது.

விடை கல்லீரலில் இருக்கிறது. கஃபீனைச் சிதைப்பது சிஒய்பி1ஏ2 என்ற நொதி. எரிந்த எதன் புகையிலும் இருக்கும் சில ஹைட்ரோகார்பன்கள் உள்ளே போனால், கல்லீரல் இந்த நொதியைக் கூடுதலாகத் தயாரிக்கும். அதனால் புகைபிடிப்பவர் உடம்பில் கஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் கரைகிறது. மற்றவர்களுக்குச் சுமார் 5 மணி நேரத்தில் பாதியாவது அவர்களுக்கு 3 மணிக்குள் பாதியாகிவிடும். இது புகையின் வேலை, நிகோடினின் வேலை இல்லை. வெற்றிலையோடு புகையிலை போடும் அப்பத்தாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. வாய்ப் புற்றுநோய் ஆபத்து மட்டும் உண்டு. க்ளோசபின் போன்ற மனநல மருந்துகளும் இதே நொதியில் சிதைவதால், புகையை விட்ட நோயாளிக்கு டாக்டர்கள் அளவைக் குறைக்க வேண்டி வரும்.

புகை நின்றால் கூடுதல் நொதியும் ஓரிரு நாளில் பாதியாகும், ஒரு வாரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். இப்போது கணக்கைப் போடுங்கள். ஒரு கிளாஸ் டீயில் 40 மில்லிகிராம் என்றால் 8 டீக்கு 320. ஆரோக்கியமான பெரியவர்களுக்குச் சொல்லப்படும் 400 என்ற வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் கரைகிற வேகம் பாதியானதும் அதே 8 டீ, நேற்றுவரை பழகிய உடம்புக்கு 16 டீ மாதிரி. டீயும் கூட்டவில்லை, கிளாஸும் மாறவில்லை. இத்தனை வருஷமாக 'ஒண்ணும் செய்யாது' என்றாரே, செய்யவிடாமல் எரித்துக்கொண்டிருந்தது பீடி.

"டீயைப் பாதியாக்குங்க சித்தப்பா, திடீர்னு நிறுத்தாதீங்க, தலைவலி வரும்" என்றேன். "அதையும் விடணுமாடா?" என்று அரை மனதாகத்தான் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் கை நடுக்கம் நின்றது, தூக்கமும் வந்தது. கயிற்றைப் பார்த்தால் கை நீளுவது மட்டும் போகவில்லை. அது நிகோடினின் பாக்கி, தீர இன்னும் நாளாகும். இப்போது 4 டீ. விடியக்காலை 5 மணிக்கு டீக்கடையைத் தாண்டிப் போய்ப் பருத்திப்பால் குடிக்கிறார். அங்கே கயிறு தொங்குவதில்லை.