ஆட்டுக்கால் சூப்பில் இரத்தம் ஊறாது, மாமி

போன செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் மறுபடியும் அதே கதை. ஏழு மாதக் கர்ப்பிணி, இரத்தத்தின் சிவப்புப் புரதமான ஹீமோகுளோபின் 9.2, அதாவது இரத்தச்சோகை, கூடவே மாமி, மாமியின் கையில் ஒரு போத்தல் ஆட்டுக்கால் சூப். "மிஸ், இதப் பாருங்க, பிரிட்ஜில வெச்சா அப்படியே கட்டியாகுது. எவ்வளவு சத்து! ஒவ்வொரு நாளும் ரெண்டு கப் குடுக்கிறன்." மட்டக்களப்புப் பக்கம் கல்லடியோ ஏறாவூரோ, இந்தப் போத்தல் என்னைத் தேடி வந்துவிடுகிறது. இந்த மாதம் மட்டும் நாலாவது.

கட்டியாவது உண்மை. ஆனால் அது சத்தின் அடையாளம் இல்லை, ஜெலற்றினின் குணம். ஜெலற்றின் போட்டுச் செய்யும் ஜெலியும் இப்படித்தான் உறைகிறது என்றால் மாமிக்குக் கோபம் வருகிறது.

புரதம் என்றால் ஒரே சாமான், எதில் இருந்தாலும் ஒன்றுதான் என்ற இந்த நினைப்புத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. எதனால் ஆனது என்று பார்த்து நாங்கள் அதை மூன்றாகப் பிரிக்கிறோம். புரதம் என்பது அமினோ அமிலம் என்ற சின்னத் துண்டுகள் கோத்த சங்கிலி. உடைத்தால் அந்த அமினோ அமிலம் மட்டும் மிஞ்சுவது எளிய புரதம். ஆட்டுக்காலின் தோலிலும் தசைநாரிலும் இருக்கும் கொலாஜன் இந்த இனம் (அதிலும் கொஞ்சம் சீனி ஒட்டியிருக்கிறதே என்று துறை ஆட்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்). சங்கிலியோடு வேறு ஏதாவது ஒட்டியிருந்தால் இணைந்த புரதம். இவற்றை அவித்தோ உடைத்தோ எடுத்தால் பெறப்பட்ட புரதம். போத்தலில் இருப்பது இந்த மூன்றாவதுதான், மணிக்கணக்காக அவிந்து முறுக்கு அவிழ்ந்த கொலாஜன், அதைத்தான் ஜெலற்றின் என்கிறோம். அதில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற அமினோ அமிலம், அதை உடம்பே செய்துகொள்ளும். உணவில் வந்தே ஆகவேண்டிய ட்ரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அறவே இல்லை. இரும்பும் பேருக்குத்தான்.

ஹீமோகுளோபினோ இணைந்த புரதம். குளோபின் என்ற புரதச் சங்கிலி நாலு, ஒவ்வொன்றிலும் ஹீம் என்ற ஒரு ஒட்டுத்துண்டு, அதன் நடுவில் ஒரு இரும்பு அணு. இரும்பு வராமல் சூப்பை அண்டா அண்டாவாக ஊற்றி என்ன பயன்?

"அப்ப தயிரும் கட்டிதானே மிஸ்?" என்று கேட்டார் மாமி. நல்ல கேள்வி. நம்ம எருமைத் தயிர்ச் சட்டியில் உறைவது கேசின், அதுவும் இணைந்த புரதம்தான், ஆனால் அதில் ஒட்டியிருப்பது பொஸ்பேட். கல்சியத்தைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். எலும்புக்கு நல்லது, தாராளமாகக் குடுங்கள். இரத்தத்துக்கு அது பதில் இல்லை.

சரி, செய்ய வேண்டியது. கிளினிக்கில் தந்த இரும்பு மாத்திரையை லாச்சியில் சேர்த்து வைக்காதீர்கள், விழுங்குங்கள். தேத்தண்ணியோடு வேண்டாம், தயிரோடும் வேண்டாம், கல்சியம் மாத்திரைக்கு வேறு நேரம். விட்டமின் சி மாத்திரையைக் கூடவே போடலாம். மலம் கறுக்கும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

கடைசியாகக் கேட்டேன்: "ஆட்டுக்கால் வாங்கினீங்க, இறைச்சி வாங்கல்லயா?"

"வாங்கின. அது மகனுக்கு."

இறைச்சிக்குச் சிவப்பு தருவது மயோகுளோபின் என்ற தசைப் புரதம், அதிலும் ஹீம், அதிலும் இரும்பு. சூரை மீனின் கறுத்த சதையிலும் அதேதான். சூப்பை மகன் குடிக்கட்டும் மாமி, இறைச்சியை மருமகளின் பீங்கானில் போடுங்கள்.