முந்திச் செல்ல எத்தனை செக்கன் இருக்கிறது?

சாரதிப் பயிற்சிக்கு வருபவர்களிடம் எப்போது முந்திச் செல்லலாம் என்று கேட்டால், எதிரே வரும் வாகனம் தூரத்தில் இருக்கும்போது என்றே பெரும்பாலோர் பதில் சொல்கிறார்கள். அவர்கள் நினைப்பது தூரத்தை, தேவைப்படுவதோ நேரம்.

நம் கண் எதிர் வாகனத்தின் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. அதன் உருவம் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதைக் கொண்டே, அது நம்மை வந்தடைய எஞ்சியுள்ள நேரத்தை உணர முடியும் என்று உளவியலாளர் டேவிட் லீ 1976இல் விளக்கினார். ஆனால் வாகனம் தொலைவில் இருக்கும்வரை அந்த வளர்ச்சி நமக்குத் தெரியாத அளவுக்கு மெதுவாகவே நடக்கும்.

தலவாக்கலைப் பக்கத்து ஏற்றத்தில் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்துபோகும் லொறியை நீங்கள் 35இல் முந்துவதாகக் கொள்வோம். லொறியின் நீளத்தையும் முன்பின் இடைவெளிகளையும் சேர்த்து அதைவிட 30 மீட்டர் கூடுதலாக ஓட வேண்டும். அதற்கு 7 செக்கனுக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் நீங்கள் 70 மீட்டரும், எதிரே 50இல் இறங்கிவரும் வான் 100 மீட்டரும் கடந்திருப்பீர்கள். ஆகவே முந்தத் தொடங்கும்போதே இடையில் 170 மீட்டர் வெறும் வீதி வேண்டும், அதுவும் மிச்சம் எதுவும் வைக்காத கணக்கில். உருவம் செக்கனுக்கு ஏறக்குறைய 0.17 பாகை வீதம் விரிந்தால்தான் நெருங்கும் வேகம் நமக்கு உறைக்கும் என்று வைத்துக்கொண்டால், 1.8 மீட்டர் அகலமுள்ள அந்த வானின் வேகம் 120 மீட்டரளவில்தான் தெரியத் தொடங்கும். அப்போது எஞ்சியிருப்பது 5 செக்கன். அதாவது, முந்துவதென்று முடிவெடுக்கும்போது அதன் வேகத்தை நாம் காண்பதில்லை, ஊகிக்கிறோம்.

ஒடுங்கிய மோட்டார் சைக்கிளுக்கு இதே கணக்கு 75 மீட்டர், 3 செக்கன் என்று சுருங்கிவிடும். இரவில் அதன் ஒற்றை விளக்கைக் கொண்டு எதையும் மதிப்பிட முடியாது. நானுஓயாப் பக்கத்துப் பனிமூட்டத்தில் முந்துவதைப் பற்றிப் பேசவே தேவையில்லை.

பயிற்சிக்கு வருபவர்களை வண்டியிலிருந்து இறக்கி, வீதியோரம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துவேன். வளைவில் ஒரு வாகனம் தலைகாட்டியதும், அது நம்மை வந்தடைய எத்தனை செக்கன் ஆகும் என்று முதலில் சொல்லிவிட்டு, பிறகு ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு என்று எண்ண வேண்டும். பஸ்ஸுக்கும் லொறிக்கும் அநேகமாகக் குறைத்தே சொல்கிறார்கள். அது நல்ல பக்கத்துப் பிழை. மோட்டார் சைக்கிள்தான் அவர்கள் சொன்ன கணக்குக்கு முன்பே வந்துவிடுகிறது. சில நாள் இப்படி எண்ணிப் பழகியவர்கள், வளைவு 170 மீட்டருக்குள் இருந்தால், அங்கே ஏற்கனவே ஒரு வாகனம் வந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொண்டு லொறியின் பின்னாலேயே செல்லப் பழகிவிடுகிறார்கள். லொறிக்காரர் கைகாட்டி வழிவிட்டாலும் எண்ணிக்கை உங்களுடையதாகவே இருக்கட்டும். அவர் பார்ப்பது அவருடைய இடத்திலிருந்து.

ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய தோட்டத்துப் பாதைகளில் கணக்கு இன்னும் இறுக்கமானது. எதிரே வருபவரும் நின்றாக வேண்டுமென்பதால், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிறுத்தக்கூடிய வேகத்திலேயே அங்கு செல்ல வேண்டும்.