தழும்பு முன்னால், பிடிப்பு பின்னால்

பைபாஸ் முடிந்து ஆறு மாதம் ஆகியிருக்கும். எக்கோ, இ.சி.ஜி. எல்லாம் சரியாக இருக்கும். ஆனாலும் பனியனைக் கழற்றக் கையைத் தூக்கினால் நெஞ்சு இழுக்கும். தும்மினால் முதுகில் சுருக்கென்று குத்தும். வீட்டில் எல்லோரும் இதயத்தையே சந்தேகிப்பார்கள். மருத்துவர் இதயத்தில் கோளாறில்லை என்று உறுதி செய்தபின் பார்க்க வேண்டிய இடம் விலாக்கூடு.

வழக்கமான பைபாஸில் மார்பெலும்பை நெடுக்காக அறுத்து, உலோக விரிப்பானால் இருபுறமும் விலக்கி, சில மணி நேரம் அப்படியே பிடித்து வைக்கிறார்கள். முடிந்ததும் எஃகுக் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். முன்பக்கம் அவ்வளவு விரிய வேண்டுமானால், பின்பக்கம் விலா எலும்புகள் முதுகெலும்போடு சேரும் மூட்டுகள் திருகிக் கொடுத்தாக வேண்டும். மேலுள்ள பத்து ஜோடி விலா எலும்புகளில் ஒவ்வொன்றும் முதுகெலும்போடு இரண்டு இடங்களில் உரசி அசைகிறது. கத்தியே படாத முதுகு வலிப்பது இதனால்தான். அடைப்பைத் தாண்டி ரத்தம் போக இதயத்தில் ஒட்டும் குழாய்க்காக மார்புச் சுவரின் உட்புறத் தமனியைப் பிரித்தெடுக்கும்போது விலா இடை நரம்புகளும் அடிபடலாம்; இடது மார்பில் மரத்தும் எரிந்தும் தொல்லை தருவது பெரும்பாலும் அவை. போதாக்குறைக்கு, காயத்தைக் காப்பதாக நினைத்துத் தோளை முன்னால் குறுக்கி, அரை மூச்சு விட்டே பழகிவிடுகிறோம். காயம் ஆறியபின்னும் அந்தப் பழக்கம் போவதில்லை.

இந்த வலியோடு வருபவர்களைப் பிசியோதெரபிஸ்ட் பெரும்பாலும் குப்புறப் படுக்கவைப்பதில்லை. மேசைமேல் தலையணை வைத்து அதில் சாயச் சொல்வார். முதுகெலும்பை ஒட்டி, விலா தொடங்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, நோயாளி மூச்சை வெளியே விடும்போது மெல்ல அழுத்தி விடுவார். தழும்பில் இரு விரல் பதித்துத் தோலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்த்தி, எங்கே நகர மறுக்கிறது என்று தேடுவார்.

உள்ளே ஒட்டிக்கொண்ட திசுவைக் கை பிய்த்துவிடுகிறது என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. முதிர்ந்த தழும்பு விரல் அழுத்தத்துக்குக் கிழியாது. கை மாற்றுவது பெரும்பாலும் நரம்பு மண்டலத்தின் கணக்கை. தொடுகையின் சமிக்ஞை தண்டுவடத்தில் வலிச் சமிக்ஞையை மட்டுப்படுத்தும் என்று 1965-இல் மெல்சாக், வால் என்ற இரு வலி ஆய்வாளர்கள் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். அதன் விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டன, அடிப்படை நின்றது. வலி குறைந்ததும் காவலுக்கு இறுகியிருந்த தசை தளர்கிறது. ஆனால் அந்தத் தளர்ச்சி நீடிப்பதில்லை. அதற்குள் ஆழ்ந்து மூச்சிழுத்து, கையை உயர்த்தி, உடலைத் திருப்பிப் பழக வேண்டும். பயிற்சியை விட்டுவிட்டு வாரந்தோறும் மேசையில் போய்ச் சாய்வது பணத்துக்குக் கேடு.

அறுத்த மார்பெலும்பு மீண்டும் ஒட்டிச் சேர ஏறக்குறைய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அதற்குமுன் அழுத்தம் கூடாது. எலும்பு தேய்ந்தவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும் தெரிந்தவர் யாரிடமாவது முதுகைக் கொடுத்துச் சொடக்கு எடுக்கச் சொல்வது ஆபத்து. மார்பெலும்பில் 'கடக்' என்று சத்தம் கேட்டாலோ, தழும்பில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அறுவை மருத்துவரிடம் போக வேண்டும். நடக்கும்போது வந்து, நின்றால் அடங்கும் நெஞ்சுவலியை விலா எலும்பின் தலையில் கட்டக் கூடாது; அது இதய மருத்துவர் உடனே பார்க்க வேண்டியது.