ஃபால்ட் யார் வீட்டில் என்று முதலில் கேட்காதீர்கள்

போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு லைன் வீட்டுக்குப் போயிருந்தேன். துணி காயப்போடும் கொடியைத் தொட்டால் கையை இழுக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். "நாலு நாளா இப்படித்தான் தம்பி. ரப்பர் செருப்பு போட்டுக்கினா ஒண்ணும் தெரியல" என்றார் அந்த அம்மா. மழை விட்டிருந்தாலும் தரை ஈரமாகவே இருந்தது. கொடிக்கம்பிக்கும் தரைக்கும் இடையில் மீட்டரை வைத்தேன். 168 வோல்ட் காட்டியது. எனக்குக் கை நடுங்கியது.

நாலு நாளாக ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் ஹவுஸ் ஓனர், "உன் வாஷிங் மெஷின்தான் ஃபால்ட், உன்னால்தான் எல்லாருக்கும் ஷாக்" என்று வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார் என்ற பயம். கடைசியில் தெருமுனையில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் ஒருவரைக் கூட்டி வந்திருக்கிறார். அவர் அந்த வீட்டு போர்டு முழுவதையும் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல ஃபால்ட் இல்லம்மா" என்று சொல்லிப் போய்விட்டார். அவர் சொன்னது உண்மைதான். ஃபால்ட் பக்கத்து வீட்டில் இருந்தது.

பக்கத்து வீட்டு சம்ப் மோட்டாருக்குப் போகும் ஒயர், இரண்டு வீட்டுக்கும் பொதுவான தகரக் கூரையின் மேல் கிடந்தது. காற்றில் தகரத்தின் விளிம்பு உரசி உரசி, ஒயரின் மேல்தோல் விரல்கடை நீளத்துக்குக் கிழிந்து செம்பு தெரிந்தது. அங்கிருந்து தகரம், தகரத்தைத் தாங்கும் இரும்பு ஆங்கிள், ஆங்கிளில் கட்டிய கொடி என்று மின்சாரம் வந்துவிட்டது. அந்த மோட்டாருக்கு எர்த் கம்பி இருந்தது. கடற்காற்று பட்டுப்பட்டு அரித்துப்போன ஜி.ஐ. கம்பி (துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி) அது. நான் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோர வீடுகளில் இதை வாரம் ஒருமுறையாவது பார்க்கிறேன்.

இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்த மழைக்காலத்தில் மட்டும் இது ஐந்தாவது வீடு. ஐந்திலும் என் காதில் முதலில் விழுந்தது ஒரே கேள்விதான்: "ஃபால்ட் யார் மேல?"

எங்கள் தொழிலில் ஃபால்ட் என்றால் யாருடைய தப்பும் இல்லை. மின்சாரம் தான் போக வேண்டிய வழியை விட்டு வேறு வழியில் போகிறது, அவ்வளவுதான். தமிழில் பழுது, கோளாறு, பிழை, தவறு, குற்றம் என்று தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நாம் எல்லாவற்றையும் 'ஃபால்ட்' என்ற ஒரே சொல்லில் போட்டுவிட்டோம். அதனால் எலெக்ட்ரீஷியன் பழுதைச் சொன்னால் வீட்டுக்காரருக்குக் குற்றம் என்று கேட்கிறது. குற்றம் என்று கேட்டதும் மறைக்கத் தோன்றுகிறது. அந்த அம்மா நாலு நாள் வாயைத் திறக்காமல் இருந்தது இதனால்தான்.

என் மகள் கல்லூரியில் நிலவியல் படிக்கிறாள். அவர்கள் பாடத்திலும் ஃபால்ட் உண்டு. பாறை உடைந்து, இரு பக்கமும் ஒன்றை ஒன்று உரசி நகர்ந்த பிளவுக்கு அந்தப் பெயர். அதற்கு யாரைக் குற்றம் சொல்வது? அவள் சொன்ன இன்னொரு விஷயம் என் வேலைக்கு அப்படியே பொருந்தியது. கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில், இரண்டு நிலத்தட்டுகளின் எல்லையும் பிளவும் ஒன்றாகவே இருக்கின்றன. அதை வைத்து, பிளவு எல்லையில்தான் இருக்கும் என்று நினைக்கக் கூடாதாம். 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிராவின் லாத்தூரில் ஏறத்தாழ 10,000 பேரைக் கொன்ற நிலநடுக்கம், தட்டின் எல்லைக்கு வெகு தூரத்தில், நடு நிலத்தில் வந்தது. தெருமுனை எலெக்ட்ரீஷியன் செய்த தவறும் இதுதான். வாசலில் தொடங்கி வாசலிலேயே முடித்துக்கொண்டார்.

சர்வேயருக்கு எல்லை என்றால் கல்லும் வரைபடமும். பத்திரத்தில் நான்கு பக்கமும் எழுதியிருக்கும். நமக்கு எல்லை என்றால் நடுச்சுவர். மின்சாரத்துக்குச் சுவர் தெரியாது. பொதுவான தகரம், தண்ணீர்க் குழாய், இரும்பு கேட், மாடிப்படிக் கைப்பிடி, கேபிள் டி.வி. ஒயர், தேங்கிய தண்ணீர் எல்லாமே அதற்கு வழிதான். வியாசர்பாடி, கொடுங்கையூர், புளியந்தோப்பில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. அங்கே "என் வீடு, உன் வீடு" என்று பிரித்து ஃபால்ட் தேட முடியாது.

இப்போது எனக்கு மிகவும் கோபம் வருகிற விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பக்கத்து வீட்டில் ஆர்.சி.சி.பி. இருந்தது, அதாவது மின்சாரம் கசிந்தால் தானாக லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். முதல் மழை பெய்த அன்றே அது ட்ரிப் ஆகியிருக்கிறது. மறுபடி போட்டார்கள், மறுபடி விழுந்தது. "சுவிட்ச் ஃபால்ட்" என்று முடிவு செய்து, அதைத் தாண்டி நேராக ஒயரைக் கொடுத்துவிட்டார்கள்.

ஐயா, அம்மா, தயவு செய்து கேளுங்கள். ட்ரிப் ஆகிற ஆர்.சி.சி.பி.யைப் பழுதானது என்று நினைக்காதீர்கள். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, அது வேறு எங்கோ போகிறது என்று லைனைத் துண்டித்துவிடும். "எங்க வீட்டுல எம்.சி.பி. இருக்கே, அது போதாதா" என்று கேட்கிறார்கள். போதாது. எம்.சி.பி. என்பது அளவுக்கு மீறி மின்சாரம் போனால் விழும் சுவிட்ச். அது ஒயரைக் காப்பாற்றுகிறது, உங்களை அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். நனைந்த உடம்பின் தடை சுமார் 1000 ஓம். 230 வோல்ட்டில் உடம்பு வழியாகப் போவது 0.23 ஆம்பியர். அது உயிரை எடுக்கப் போதும். 32 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது ஒரு மின்விளக்கு எரிகிற அளவு. அது எப்படி விழும்? விழாது. ஆள் துடித்துக்கொண்டிருக்கும்போதும் அது அப்படியே நிற்கும். அந்த வீட்டு ஆர்.சி.சி.பி. முதல் நாளே சரியாகச் சொன்னது. அதன் வாயை அடைத்துவிட்டார்கள்.

வயர்மேன் தம்பிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஆர்.சி.சி.பி.யின் நியூட்ரலை, அதாவது மின்சாரம் திரும்பி வரும் கம்பியை, பக்கத்து மாடி லைனிலிருந்து எடுக்காதீர்கள். அந்தக் கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி நியூட்ரல் கலந்தால், ஃபால்ட்டே இல்லாமல் ட்ரிப் ஆகும். அப்புறம் வீட்டுக்காரர் அதைக் கழற்றாமல் என்ன செய்வார்?

பொறுப்பு யாருடையது என்ற கேள்வியே தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. அதைப் பிறகு கேட்கலாம். 1997-இல் மத்தியப் பிரதேசத்தில் இரவில், மழைத் தண்ணீர் நின்ற சாலையில் சைக்கிளில் வந்த ஒருவர் அங்கே கிடந்த மின்கம்பி பட்டு இறந்தார். அது யாரோ திருட்டுத்தனமாக இழுத்த கம்பி, எங்கள் மேல் தவறில்லை என்று மின்வாரியம் வாதாடியது. 2002-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆபத்தான ஒன்றைக் கையாள்பவர், தன் கவனக்குறைவு இல்லாவிட்டாலும் பொறுப்பேற்க வேண்டும் என்றது. தவறு வேறு, பொறுப்பு வேறு என்று சட்டமே பிரித்துப் பார்க்கிறது. நாம் ஒரு கூரைக்குக் கீழே இருந்துகொண்டு பிரித்துப் பார்க்க மாட்டோமா?

எதையாவது தொடும்போது கை லேசாக விறுவிறுவென்று இழுத்தாலும் உடனே சொல்லுங்கள். மெயினை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் மெயினை அணைத்தும் ஷாக் நிற்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு மெயினையும் அணைக்கச் சொல்லுங்கள். சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். ஆர்.சி.சி.பி. விழுந்தால் எல்லா எம்.சி.பி.யையும் அணைத்து, அதை மேலே தள்ளி, ஒவ்வொன்றாகப் போடுங்கள். எதைப் போடும்போது விழுகிறதோ அந்த லைனை விட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். அதில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். இரும்புக் கம்பியில் கொடி கட்டவே கட்டாதீர்கள். தெருவில் பில்லர் பாக்ஸ் (மின்வாரியத்தின் மின்பெட்டி) திறந்து கிடந்தாலோ கம்பி அறுந்து கிடந்தாலோ கிட்டப் போகாமல், யாரையும் போக விடாமல், மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லுங்கள்.

ஹவுஸ் ஓனர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். குடியிருப்பவர் ஷாக் அடிக்கிறது என்று வந்து சொன்னால், "நீ என்ன பண்ணே" என்று ஆரம்பிக்காதீர்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் மோட்டார் ஒயரை பைப்புக்குள் போட்டு, புது எர்த் அடித்து, ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப லைனில் சேர்த்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றார். அந்த அம்மா கொடிக்கம்பியை அறுத்துச் சுருட்டிப் பழைய இரும்புக் கடைக்கென்று ஓரமாக வைத்துவிட்டு, நைலான் கயிறு வாங்கி வரப் பேரனை அனுப்பினார்.